யூட்யூப் உங்கள் பாட்டைக் கெடுக்கவில்லை

இந்த மாதத்தில் இது நான்காவது. மும்பை செம்பூரில் இருக்கும் என் ஒலிப்பதிவு ஸ்டூடியோவுக்கு முலுண்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மாட்டுங்காவில் ஒரு ஹாலில் மகளின் முதல் கச்சேரி. பத்து வருடம் கற்றுக்கொண்ட பாட்டு. வீடியோவுக்குத் தனியாக ஆள் வைத்து, யூட்யூபில் ஏற்றி, கும்பகோணத்தில் இருக்கும் பாட்டிக்கு லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். பாட்டி கேட்ட முதல் கேள்வி: "குழந்தைக்குத் தொண்டை சரியில்லையாடி?"

அம்மா என்னிடம் சொன்னது இது: "சார், யூட்யூப்ல ஏத்தினதும் சவுண்ட் கெட்டுப்போச்சு. ஒரிஜினல் இந்தப் பென்டிரைவ்ல இருக்கு. எப்படி ஏத்தணும்னு மட்டும் சொல்லிக்குடுங்க."

ஒரிஜினலை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்தேன். கிளிப்பிங்கை, அதாவது ஒலி அளவு மிஞ்சி அலையின் உச்சி வெட்டுப்படுவதை, காட்டும் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. லெவல் மைனஸ் 12 டெசிபல் பக்கம் அழகாக நிற்கிறது. ஆனால் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், உச்சிகளெல்லாம் கால்வாசி உயரத்திலேயே, கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தன. அந்தப் பெண் மேல் ஷட்ஜத்தில் நின்ற ஒவ்வொரு இடமும் கரகரவென்று கிழிந்தது. வர்ணம் முதல் மங்களம் வரை இதே கதை. ஒரிஜினலே கெட்டிருந்தது. அதை அந்த அம்மாவிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

தயவுசெய்து இதை ஒருமுறை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். யூட்யூப் ஒலியைக் கரகரப்பாக்குவதில்லை. நீங்கள் ஏற்றும் ஆடியோவை அது ஏஏசி, ஓபஸ் வடிவங்களில் மறுபடி சுருக்கும். அதில் கொஞ்சம் நுணுக்கம் போகும். தம்புராவின் மினுமினுப்பு, கடத்தின் கணீர் ஓசை லேசாக மங்கலாம். அப்புறம், ஒலி ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) மேல் இருந்தால், ஓடும்போது அதைக் குறைத்துவிடும். மெதுவாக இருப்பதைப் பொதுவாக ஏற்றித் தராது. வீடியோவில் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பார்த்தால் எவ்வளவு குறைத்திருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். ஆகவே 'மற்ற சேனலைவிடச் சத்தமாக இருக்கணும்' என்று எடிட்டிங்கில் உச்சிகளை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்குவதால் ஒரு லாபமும் இல்லை. நசுங்கியதுதான் மிச்சம்.

ஒரே ஒரு இடத்தில் ஏற்றுவதற்கும் கரகரப்புக்கும் சம்பந்தம் உண்டு. உச்சி டிஜிட்டலின் உச்சவரம்பான பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுருக்கும்போது அது மேலே எகிறி வெட்டுப்படலாம். அதற்காக ட்ரூ பீக்கை, அதாவது அலையின் உண்மையான உச்சியை, மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ ஏஏசி, 384 கேபிபிஎஸ். யூட்யூபே பரிந்துரைக்கும் அளவு இது. அவ்வளவுதான், ஏற்றுவதில் வேறு வித்தை இல்லை. சந்தேகமென்றால் ஏற்றுவதற்கு முன் இருந்த ஃபைலை ஹெட்போனில் கேளுங்கள். அதிலேயே கரகரப்பு இருந்தால் பிரச்சினை ஹாலில் நடந்து முடிந்துவிட்டது.

அடுத்து எல்லாரும் கேட்பது: "வால்யூமைக் குறைச்சா சரியாகிடாதா?" ஆகாது. படியில் அரிசி அளக்கும்போது விளிம்புக்கு மேலே நிற்பதைக் கையால் வழித்துத் தள்ளுகிறோம் இல்லையா, அதுதான் நடந்திருக்கிறது. வழித்த அரிசி தரையில் போய்விட்டது. படியைப் பிறகு கீழே இறக்கி வைத்தாலும் கூம்பு திரும்ப வராது. வால்யூமைக் குறைத்தால் அதே தட்டையான உச்சி சின்னதாகக் கேட்கும். டீகிளிப் மென்பொருள் இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். அது விட்டுப்போன வளைவை ஊகித்து வரைகிறது. மிருதங்கத்தில் நாலு அடி வெட்டுப்பட்டிருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். ஒன்றரை மணி நேரக் குரலை அது மீட்டுத் தராது.

மாட்டுங்கா ஹாலில் நடந்தது என்ன? சவுண்டுக்காரரின் மிக்சரில் இருக்கும் மெயின் அவுட்டை நேராகக் கேமராவின் மைக் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். மிக்சர் தருவது லைன் லெவல், ஏறக்குறைய 1.2 வோல்ட். அந்தச் சாக்கெட் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். மீட்டர் சிவப்பாகியிருக்கும், வீடியோ தம்பி கேமராவில் ரெக்கார்டிங் லெவலைக் குறைத்திருப்பார், மீட்டர் பச்சைக்கு வந்திருக்கும். பல கேமராக்களில் அந்த லெவல் கண்ட்ரோல் வேலை செய்வது, மைக் ஒலியைப் பெரிதாக்க உள்ளே இருக்கும் ப்ரீஆம்புக்குப் பிறகு. ப்ரீஆம்பிலேயே தலை வெட்டியாகிவிட்டது. வெட்டிய அலையைத்தான் அவர் குறைத்தார். அதனால்தான் மைனஸ் 12-ல் பச்சையாக நின்றுகொண்டே பாட்டு நாசமானது. சவுண்டுக்காரரைக் கேட்டபோது மிக்சரில் ஹெட்போன் வைத்துக் கேட்டுவிட்டு "சப் டீக் ஹை" என்றாராம். அவர் சொன்னது உண்மைதான். மிக்சரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இதற்குத் தேவை லெவலைக் குறைத்துத் தரும் ஒரு அட்டெனுவேட்டர் கேபிள். 'பேட்' என்று கேட்டால் லாமிங்டன் ரோட்டில் எடுத்துத் தருவார்கள். இல்லையென்றால் லைன் இன்புட் உள்ள சின்ன ரெக்கார்டர் ஒன்று. லட்சக்கணக்கில் கேமரா வாங்கும் தம்பிகளே, பையில் இந்த ஒரு கேபிளை வைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

கேபிள் என்றதும் இன்னொன்று. "ஹெட்போன்ல நல்லா இருக்கு, போன் ஸ்பீக்கர்ல பாட்டையே காணோம்" என்று ஒருவர் வந்தார். மிக்சரின் பேலன்ஸ்டு அவுட்டை (ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் தருவது), கடையில் கிடைத்த ஏதோ கன்வர்ட்டர் வழியாகக் கேமராவின் ஸ்டீரியோ சாக்கெட்டில் கொடுத்திருந்தார். ஒரே குரல் இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் தலைகீழாகவும் பதிவாகிவிடும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். இது மட்டும் சந்தோஷமான கேஸ். ஒரு பக்கத்தை எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

கேமராவின் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரு பலமான அடி விழுந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல ஏற்றும். பாடகி மூச்சுவிடும் இடைவெளியில் தம்புரா வீங்கும், மின்விசிறி வீங்கும், வெளியே சயான் பக்கம் போகிற லோக்கல் ரயிலும் சேர்ந்து பாடும்.

நேரலை செய்கிறவர்களுக்கு: நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸில் இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' ஆன் செய்யுங்கள். விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை அந்த ஃபில்டர் இரைச்சல் என்று நினைக்கும். தம்புராவின் வேலையே விடாமல் ஒரே சீராக ஒலிப்பதுதானே? சுருதியை அழித்துவிட்டு, நீண்ட கார்வையையும் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆக்கிவிடும்.

'சிவப்பைத் தொட்டாத்தான் தெம்பா இருக்கும்' என்று சொல்லும் மூத்த சவுண்டுக்காரர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. நாடா காலத்தில் அது சரி. நாடாவுக்கென்று ஓர் இரைச்சல் இருந்தது, அதற்கு மேலே நிற்க சத்தமாகப் பதிய வேண்டியிருந்தது, கொஞ்சம் மிஞ்சினாலும் நாடா இதமாக அமுக்கிக்கொள்ளும். டிஜிட்டல் அப்படி மன்னிக்காது. 24 பிட்டில் உச்சி மைனஸ் 12-ல் நின்றாலும் ஒரு நஷ்டமும் கிடையாது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கிவிட்டேன், இனி கவலையில்லை என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மிக்சரிலேயே வெட்டுப்பட்டு வருவதை அதனாலும் காப்பாற்ற முடியாது.

வாட்ஸப்பில் சுருங்கி வந்த வீடியோவை எடுத்து யூட்யூபில் ஏற்றாதீர்கள். அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

முலுண்டு பெண்ணின் கச்சேரிக்கு வருகிறேன். மூன்றாவது வரிசையில் அவளுடைய சித்தப்பா போனில் எடுத்திருந்தார். தூரம், ஹால் எதிரொலி, நடுநடுவே இருமல். ஆனால் குரல் கிழியாமல் இருந்தது. அந்த ஆடியோவைக் கேமரா படத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். அவருடைய போனில் இடம் தீர்ந்துபோனதால் ராகம் தானம் பல்லவியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பாடிய துக்கடாக்கள் கரகரப்போடுதான் இருக்கின்றன. அன்றிலிருந்து யார் கேட்டாலும், பார்வையாளர் பக்கம் தனியாக ஒரு ரெக்கார்டர் ஓடட்டும் என்கிறேன்.

நவராத்திரி நிகழ்ச்சிகள் தொடங்கப்போகின்றன. மைக் சோதனையில் பாடகரை மெல்ல முனகிவிட்டுப் போக விடாதீர்கள். அவர் அன்று தொடப்போகும் உச்ச ஸ்வரத்தை முழுக்குரலில் பாடச் சொல்லுங்கள், மிருதங்கத்தைத் தனியில் வாசிப்பதுபோல் வாசிக்கச் சொல்லுங்கள். பத்து விநாடி பதிந்து திரும்ப ஓட்டிக் கேளுங்கள். கேட்கும்போது ஹெட்போன் செருகியிருக்க வேண்டிய இடம் கேமரா, மிக்சர் இல்லை.