சமத்துவம்: தராசைச் சமன் செய்வதா, சரக்கையா?

கட்டாயப்படுத்திச் சமத்துவம் கொண்டுவந்தால் திறமைசாலி மூலையில் உட்கார்ந்துவிடுவான், தனிமனித சுதந்திரமும் போய்விடும் என்ற பேச்சு எங்கள் மேலூர்ப் பக்கம் டீக்கடையில்கூட அடிபடுகிறது. எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆளுக்கொரு பொருளில். அதனால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

சமம் என்பதோடு 'துவம்' சேர்ந்து சமத்துவம். துவம் வடமொழி விகுதி, தன்மை என்று பொருள். முதலாளித்துவம், தனித்துவம் என்று தமிழ்ச் சொற்களோடும் அது ஒட்டிக்கொள்ளும். சமத்துவத்துக்கு எதிரில் நிறுத்தப்படும் தனித்துவமும் இதே வார்ப்பில் வந்த சொல்தான். (சங்கப் பாட்டில் சமம் என்றால் போர்! புறநானூற்றில் 'அருஞ்சமம் முருக்கி' என்று வரும். அது தனிக் கதை.)

இந்தக் கருத்தைத் தமிழில் மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் குறள் 118-க்குத்தான் போக வேண்டும். 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்' என்கிறார் வள்ளுவர். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சமன் செய்தல், அப்புறம் சீர்தூக்கல். பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார், முன்னே தான் சமனாக நின்று பிறகுதான் பாரத்தை அளக்கிறது துலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தராசு தூக்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வெறும் தட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மல்லியைக் கொட்டவிடுவார் பூ கொண்டுவந்தவர், ஏனென்றால் தட்டு சாய்ந்திருந்தால் விடியுமுன் எழுந்து பறித்த உழைப்பு அங்கேயே போய்விடும். ஆனால் ஒருவர் பூ நாலு கிலோ, இன்னொருவர் பூ இரண்டு கிலோ இருக்கும்போது ஆளுக்கு மூன்று என்று எழுதினால் அதைச் சமன் செய்தல் என்று எந்தத் தமிழிலும் சொல்ல முடியாது.

சமூகத்திலும் இப்படித் தட்டை நேராக்க, அதாவது எல்லாருக்கும் ஒரே வாய்ப்புக் கொடுக்க, கட்டாயம் தேவைப்பட்டிருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காந்தியவாதி வைத்தியநாத ஐயர், தீண்டாமையால் அதுவரை உள்ளே விடப்படாதவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அரசு சட்டம் போட்டுத்தான் அந்த நுழைவுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. கூடப் போனவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரர், கக்கன். பின்னாளில் மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். இந்தக் கட்டாயத்தால் யாருடைய திறமை குறைந்தது, சொல்லுங்கள்?

சரி, டீக்கடைப் பயம் வெறும் பயம்தானா? அப்படியும் சொல்ல மாட்டேன். சீனத்துக் கூட்டுப் பண்ணைகளில் நன்றாக உழைத்தாலும் சும்மா நின்றாலும் பங்கில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. 1978-இல் அன்ஹுய் மாகாணத்துச் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பத்தார், மாட்டினால் சிறை என்று தெரிந்தே, ரகசியமாகக் கைநாட்டு வைத்து நிலத்தை வீடுவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த அறுவடையில் விளைச்சல் வெகுவாக ஏறியது. அங்கே சரக்கையே சமமாக்கப் பார்த்தார்கள், உழைக்கிற ஆசை செத்தது.

இரண்டையும் சமத்துவம் என்ற ஒரே சொல்லால் சுட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை நேராக்குவதற்குச் 'சமன்மை' நல்ல தமிழ். நிகர்மை என்றும் எழுதுகிறார்கள், ஆனால் எனக்குக் குறளின் சமன்தான் பிடிக்கிறது. சரக்கைச் சமமாக்குவதற்கு 'ஒருபடியாக்கல்' என்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளலாம். புதுச் சொல் வாயில் நுழையவில்லை என்றால் வயல் பேச்சே இருக்கிறது. நடவுக்கு முன்னால் பரம்படித்து மண்ணை நிரவுகிறோம், வாய்க்கால் தண்ணீர் கடைசி மூலை நாற்றுக்கும் எட்ட வேண்டும் என்று. கதிர் வந்த பிறகு அரிவாளோடு இறங்கி, உயர்ந்த தலையை எல்லாம் ஒரே மட்டத்துக்கு நறுக்குகிற விவசாயியை நான் இதுவரை பார்த்ததில்லை.