கனடாவில் பி.ஆர்.: எந்த நாள் கணக்கில் சேரும், எந்த நாள் சேராது

கனடாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் ஒரு நம்பிக்கையைப் பார்க்கிறேன். சில வருடம் ஓட்டிவிட்டால் பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதி கனடாவில் இல்லை. பத்து வருடம் வரி கட்டி வாழ்ந்தாலும், ஏதாவது ஒரு வழியில் தகுதி பெற்று, விண்ணப்பித்து, ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும். அந்தத் தகுதியைக் கணக்கிடும்போது அங்கே கழித்த எல்லா நாளும் சேராது. எது சேரும், எது சேராது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளாமல் இரண்டு மூன்று வருட உழைப்பை இழக்கிறவர்கள் நிறையப் பேர்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பி.ஆரைத் தமிழில் ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று பலரும் எழுதுகிறார்கள். குடியுரிமை வேறு, இது வேறு. கனடாத் தமிழர்கள் சொல்லும் ‘நிரந்தர வதிவுரிமை’ என்பதே சரியான சொல். வதிவுரிமை கிடைத்தவர் தன் பழைய நாட்டுக் குடிமகனாகவே இருக்கிறார். கனடாவில் வேலை செய்யலாம், தொழில் தொடங்கலாம், மாகாண மருத்துவக் காப்பீடு பெறலாம். ஓட்டுப் போட முடியாது, கனடா பாஸ்போர்ட் கிடையாது. சில காரணங்களால் இந்த உரிமை பறிபோகவும் கூடும்.

வழிகள் பெரிதாக மூன்று: தொழில் திறமை, குடும்பம், அகதிப் பாதுகாப்பு. 2026 முதல் 2028 வரை ஆண்டுக்கு 380,000 பேருக்கு வதிவுரிமை கொடுப்பது கனடா அரசின் திட்டம். அதில் பெரும்பங்கு தொழில் திறமை வழியாக வருகிறவர்களுக்குத்தான். அந்த வழியின் முக்கிய வாசல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி.

2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி தனித் திட்டம் அல்ல, மூன்று திட்டங்களுக்கான ஒரே வரிசை. வெளிநாட்டு அனுபவத்தை வைத்து வருகிறவர்களுக்கு ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர், கனடாவில் வேலை செய்தவர்களுக்குக் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ், எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற கைத்தொழிலாளர்களுக்கு ஃபெடரல் ஸ்கில்டு டிரேட்ஸ். இவற்றில் ஒன்றுக்காவது தகுதி இருந்தால்தான் வரிசையில் பெயரே ஏறும். ஏறிய பின் மதிப்பெண் போட்டு, மேலே இருப்பவர்களை அவ்வப்போது அழைக்கிறார்கள். பெயர் வரிசையில் இருப்பது விசா ஆகாது. கையில் உள்ள ஒர்க் பெர்மிட் முடிந்தால் முடிந்ததுதான்.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸுக்குக் கடந்த மூன்று வருடத்துக்குள் கனடாவில் ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். ஒரு வருடம் என்றால் 1,560 மணி நேரம், அதாவது வாரம் 30 மணி வீதம் 52 வாரம். வாரம் 60 மணி உழைத்து ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 30 மணிக்கு மேல் செய்தது எண்ணிக்கையில் வராது. வாரம் 15 மணி வீதம் இரண்டு வருடம் செய்தால் செல்லும்.

முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை சேராது, சம்பளச் சீட்டு இருந்தாலும் சரி. சொந்தத் தொழிலாகச் செய்த வேலையும், அனுமதியில்லாமல் செய்த வேலையும் சேராது.

இவற்றையெல்லாம் தாண்டி இன்னொரு வடிகட்டி இருக்கிறது. கனடா எல்லாத் தொழில்களையும் என்.ஓ.சி. என்ற பட்டியலில் எண் போட்டு வைத்திருக்கிறது. (நம்மூர்த் தடையில்லாச் சான்று அல்ல, இது தேசியத் தொழில் வகைப்பாடு.) ஒவ்வொரு தொழிலுக்கும் 0 முதல் 5 வரை ‘டீர்’ என்ற படி உண்டு. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு 0, 1, 2, 3 மட்டுமே செல்லும். காபிக் கடை கவுன்ட்டரில் நிற்பது 5, கடையில் காசாளர் 5, பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது 5, துணிக்கடை விற்பனையாளர் 4. இவற்றில் எத்தனை வருடம் நின்றாலும் அந்த 1,560 மணியில் ஒரு மணி கூடச் சேராது. அதே உணவகத்தில் சமையல்காரர் 3, சூப்பர்வைசர் 2. மருத்துவமனையில் நோயாளிக்கு உதவும் வேலை 3, ஆனால் வீட்டுக்குப் போய் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை 4. உழைப்பில் என்ன குறை என்று கேட்டால் நியாயமான கேள்விதான், எனக்கும் அதில் வருத்தம் உண்டு. விதி இப்படித்தான் இருக்கிறது என்பதை வேலை தேடும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

அதற்காக வேலைப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வதும் உதவாது. அதிகாரி பார்ப்பது பெயரை அல்ல, செய்த பணிகளை. முதலாளி தரும் கடிதத்தில் பதவி, தொடங்கிய நாள், முடிந்த நாள், வார மணி நேரம், சம்பளம், அன்றாடம் செய்த பணிகள் எல்லாம் இருக்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையை விட்டு வரும்போது கொடுக்கும் ரிலீவிங் லெட்டரில் பணி விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. வேலையை விடும் முன்பே தனிக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துக் கேட்டால் அந்த மேனேஜரே அங்கே இருக்க மாட்டார்.

மாணவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஒர்க் பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான். இரண்டு வருடமோ அதற்கு மேலோ படித்தால் மூன்று வருட பெர்மிட். மாஸ்டர்ஸ் பட்டத்துக்குப் படிப்பு குறுகியதாக இருந்தாலும் 2024 பிப்ரவரி முதல் மூன்று வருடம். ஆனால் ஒரு வருட டிப்ளமாவுக்கு ஒரு வருட பெர்மிட்தான். வேலை கிடைக்க மூன்று மாதம் போனால் மீதி ஒன்பது மாதம், அதில் 1,560 மணி நேரம் எட்டாது. கட்டணம் குறைவு என்று ஒரு வருடப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள் என்பதால், பாஸ்போர்ட்டையும் முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் இந்த பெர்மிட்டுக்கே மொழித் தேர்வு கேட்கிறார்கள், பட்டம் அல்லாத படிப்புகளுக்குத் துறைக் கட்டுப்பாடும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு 100க்கு 67 எடுக்க வேண்டிய ஒரு தகுதிப் பட்டியல் இருக்கிறது. கடந்த பத்து வருடத்துக்குள் தொடர்ந்து ஒரு வருடத் தகுதியான வேலை, படிப்பு கனடாப் படிப்புக்குச் சமம் என்ற சான்று, ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் குறைந்தது 6, கையில் பணம் இவ்வளவும் வேண்டும். பணத்தின் அளவு வருடா வருடம் மாறும். 2025 ஜூலையில் தனி ஆளுக்கு 15,263 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 28,362 டாலர் என்று வைத்தார்கள்.

வரிசையில் ஏறிய பின் கிடைப்பது சி.ஆர்.எஸ். என்ற மதிப்பெண், மொத்தம் 1,200. வயதுக்குத் தனி ஆளுக்கு அதிகபட்சம் 110. அது 20 முதல் 29 வயது வரைதான். 30இல் 105, 35இல் 77, 40இல் 50, 45இல் ஒன்றுமில்லை. மொழித் தேர்வை அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு எச்சரிக்கையாக இந்த எண்களே போதும். கணவன் மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் இருவர் பெயரிலும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, கூடுதலாக வருகிறவரை முதன்மை விண்ணப்பதாரராக வையுங்கள். அது எப்போதும் கணவராகவே இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

வேலை உத்தரவுக் கடிதத்துக்கு முன்பு 50 அல்லது 200 மதிப்பெண் இருந்தது. 2025 மார்ச் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதங்களைப் பல்லாயிரம் டாலருக்கு விற்றுக்கொண்டிருந்ததே காரணம். இன்னும் யாராவது ‘எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்கு அரசு தரும் ஒப்புதல்) வாங்கித் தருகிறேன், மதிப்பெண் ஏறிவிடும்’ என்று பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மதிப்பெண் போதவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்மையாகவே உதவும். ஒன்று மாகாணப் பரிந்துரை. கியூபெக், நூனவுட் தவிர மற்ற மாகாணங்களும் ஆட்சிப்பகுதிகளும் தங்களுக்குத் தேவையானவர்களைத் தேர்ந்தெடுக்கும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியோடு இணைந்த பரிந்துரை கிடைத்தால் 600 மதிப்பெண் கூடும், அழைப்பு ஏறக்குறைய நிச்சயம். ஆனால் இடங்கள் ஏறி இறங்கும். 2024இல் 110,000 ஆக இருந்த இலக்கை 2025க்கு 55,000 ஆகக் குறைத்து, 2026க்கு 91,500 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். கியூபெக் தனக்கான ஆட்களைத் தானே தனியாகத் தேர்ந்தெடுக்கிறது.

இன்னொன்று பிரெஞ்சு. 2025இல் கனடா அனுபவக்காரர்களை அழைக்கத் தேவைப்பட்ட மதிப்பெண் 500க்கு மேலேயே நின்றது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு அது அதே வருடம் மார்ச்சில் 379 வரை இறங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களும், பாரிஸிலும் ஜெனீவாவிலும் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் தங்கள் கையில் இருக்கும் இந்த வாய்ப்பைக் கவனிப்பதே இல்லை.

அழைப்பு வந்ததும் 60 நாளில் எல்லாவற்றையும் பதிவேற்ற வேண்டும். கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த, கனடா தவிர்த்த ஒவ்வொரு நாட்டின் காவல்துறைச் சான்றும் தேவை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர்கள் அந்தச் சான்றை எப்படி வாங்குவது என்பதை அழைப்புக்கு முன்பே பார்த்து வைத்திருங்கள். 2025 ஆகஸ்ட் முதல் மருத்துவப் பரிசோதனையையும் விண்ணப்பிக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பொய்யான தகவலோ போலிப் பத்திரமோ கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்து வருடத் தடை. ஏஜென்ட் நிரப்பியது, எனக்குத் தெரியாது என்பது பொதுவாக எடுபடாது, கையெழுத்து உங்களுடையது. பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்க உரிமை உள்ளவர்கள் வழக்கறிஞர் சங்க உறுப்பினர்களும், கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவர்களும், கியூபெக் நோட்டரிகளும் மட்டுமே. பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்க்கலாம்.

குடும்ப வழியில் ஒரு விதியை நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவன், மனைவி, 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் ஆகியோரைக் குடிமகனோ வதிவுரிமை உள்ளவரோ ஸ்பான்சர் செய்யலாம். துணைக்கு மூன்று வருடப் பொருளாதாரப் பொறுப்பு, பெரும்பாலும் வருமான வரம்பு இல்லை. ஆனால் உங்கள் பி.ஆர். விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது ஊருக்குப் போய்த் திருமணம் முடித்து, ‘சொன்னால் தாமதமாகும்’ என்று மறைத்து, தனி ஆளாகவே பி.ஆர். வாங்கிவிட்டால், சட்டப்படி அந்தத் துணையைப் பின்னர் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது. கூட வராத பிள்ளைக்கும் இதே விதிதான். 2019 முதல் சிலருக்குத் தற்காலிகத் தளர்வு கொடுத்திருக்கிறார்கள், அதை நம்பி மறைக்காதீர்கள். மூன்று மாதத் தாமதத்துக்குப் பயந்து மனைவியைப் பல வருடம் பிரிந்திருப்பது எவ்வளவு பெரிய துயரம்! பெற்றோருக்கு இருபது வருடப் பொறுப்பு, இடமும் மிகக் குறைவு. ஒவ்வொரு வருகையிலும் ஐந்து வருடம் வரை தங்க விடும் சூப்பர் விசாவே பலருக்கு நடைமுறை வழி.

அகதியாக ஏற்கப்பட்டவர்கள் அதன் பின் வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டில் உள்ள துணையையும் பிள்ளைகளையும் அதிலேயே சேர்க்கலாம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர் காலத்திலிருந்து இந்த வழி நம் மக்களுக்கு அறிமுகம். ஆனால் 2012 டிசம்பரில் சட்டம் மாறியது பலருக்குத் தெரியாது. அகதியாக ஏற்கப்பட்டு பி.ஆர். பெற்றவர், தான் தப்பிவந்த நாட்டின் பாஸ்போர்ட்டை எடுத்தாலோ, அதில் அங்கே போய்வந்தாலோ, ‘மறுபடி அந்த நாட்டின் பாதுகாப்பை நாடினார்’ என்று அரசு வழக்குப் போடலாம். அது உறுதியானால் அகதி நிலையோடு பி.ஆரும் போய்விடும். அம்மாவின் செத்தவீட்டுக்காக யாழ்ப்பாணம் போய்வந்தாலும் இந்தக் கேள்வி எழலாம். குடியுரிமை எடுத்த பிறகு இந்த அபாயம் இல்லை, அதனால் முடிந்தவரை அதுவரை பொறுத்திருங்கள். போயே தீர வேண்டும் என்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பி.ஆர். கிடைத்த பின்னும் நாள் கணக்கு முடியாது. ஒவ்வொரு ஐந்து வருடத்திலும் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கனடாக் குடிமகனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாளும் இதில் சேரும். கார்டு காலாவதியானால் உரிமை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், கார்டு வேறு, உரிமை வேறு. அதிகாரி முறைப்படி முடிவெடுத்தால் ஒழிய உரிமை தானாகப் போகாது. ஆனால் குடித்துவிட்டுக் கார் ஓட்டுவது 2018 டிசம்பர் முதல் பத்து வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். அதில் தண்டிக்கப்பட்டால் பி.ஆர். உள்ளவரையே நாட்டை விட்டு வெளியேற்ற முடியும்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் வேண்டும். பி.ஆருக்கு முன் மாணவராகவோ ஒர்க் பெர்மிட்டிலோ இருந்த நாட்களும் இங்கே சேர்கின்றன: ஒரு நாளுக்கு அரை நாள் வீதம், அதிகபட்சம் 365 நாள் வரை. அதனால் வந்த முதல் நாளிலிருந்தே நாட்டை விட்டுப் போன தேதியையும் திரும்பிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.