மூடுபனி: ஏற்காட்டில் இருப்பது பனிப்பொழிவா?

மார்கழி பிறந்ததும் 'ஏற்காட்டில் கடும் பனிப்பொழிவு' என்று செய்தி வந்துவிடும். அதை நம்பி மலையேறி வரும் பிள்ளைகள் "ஐஸ் எங்கே?" என்று கேட்டால் அவர்கள் மேல் தப்பே இல்லை. பொழிவு என்றால் மேலிருந்து விழுவது. காஷ்மீரில் விழுகிறதே, அது பனிப்பொழிவு. ஏற்காட்டில் நம்மைச் சுற்றி மிதப்பது மூடுபனி, ஆங்கிலத்தில் ஃபாக்.

குழப்பத்துக்குக் காரணம் 'பனி' என்ற சொல்லின் விரிவு. குளிரும் நீர்த்துளியும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. பனித்தல் என்றால் நடுங்குவது. கண் பனித்தது என்றால் நீர் துளிர்த்தது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. புல்நுனியில் நிற்பதும் பனிதான், "பனி கொட்டுது, தலையில துண்டைக் கட்டு" என்று அம்மா சொல்வதும் பனிதான். வீட்டுப் பேச்சில் அது சரி. வானிலை எச்சரிக்கையில் அப்படி விட்டுவிட முடியாது. நீலகிரிக்கு உறைபனி என்றால் தேயிலைக் கொழுந்து கருகும். ஏற்காட்டுக்கு மூடுபனி என்றால் பாதை தெரியாது. தோட்டக்காரர் செய்ய வேண்டியது வேறு, டிரைவர் செய்ய வேண்டியது வேறு.

மூடுபனி என்பது தரையைத் தொடும் மேகம், அவ்வளவுதான். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டரில். ஈரக்காற்று சரிவில் ஏற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளியாகிறது. அஸ்தம்பட்டியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது சேர்வராயன் மலைமேல் படுத்திருக்கும் மேகம். அதே நேரம், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முக்கால்வாசி ஏறிவிட்டவருக்கு அதுவே மூடுபனி.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பழைய சொல் நம்மிடம் உண்டு: மஞ்சு. மேகம் என்றும் பனி என்றும் அகராதி பொருள் சொல்லும். கன்னடத்திலும் மஞ்சுதான், மலையாளத்தில் மஞ்ஞு, தெலுங்கில் மன்ச்சு. 'மஞ்சு தவழும் மலை' என்று எழுதுகிறோமே, அதில் அலங்காரம் குறைவு, உண்மை அதிகம். செய்தியில் மூடுபனி என்றே எழுதட்டும். மலைப்பாதையில் நின்று பேசும்போது மஞ்சு என்ற சொல் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை.

மூடுபனித் துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். அப்படிப் பல லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அதனால்தான் விழாமல் மிதக்கிறது. ஆனால் காப்பித் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். சில்வர் ஓக் இலைகளில் படிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும். மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் மண் நனைந்து கிடக்கும். வானத்திலிருந்து ஒரு தூறல்கூட விழுந்திருக்காது.

அப்புறம் அளவு. பார்வை ஒரு கிலோமீட்டருக்கும் கீழே குறைந்தால்தான் ஃபாக். அதற்கு மேல் தெரிந்தால் அது மிஸ்ட், நம் வழக்கில் லேசான பனிமூட்டம். 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்தது. அந்த நேரத்தில் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். விளக்கைத் தாழ்த்தி, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, மெதுவாக இறங்குங்கள்.