பிளேடு அலைகிறதா? முதலில் கைடு ரோலரைக் கழற்றிப் பாருங்கள்

போன ஆடி மாதம் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து ஒரு தென்னை விவசாயி, நான்கு பலகைகளைக் காரில் போட்டுக்கொண்டு என் லேத் பட்டறைக்கு வந்தார். வாடல் நோய் தாக்கி வெட்டிய மரங்களை விறகு விலைக்குத் தள்ள மனமில்லாமல், தோட்டத்திலேயே சொந்தமாக ஒரு பேண்ட்சா மில் (இரண்டு சக்கரங்களில் ஓடும் வளையப் பிளேடால் தடியைப் பலகையாக அறுக்கும் எந்திரம்) கட்டியிருந்தார். சட்டம், தண்டவாளம், சக்கரம் எல்லாம் நல்ல வேலை. ஆனால் பலகையை மேசையில் கிடத்தி மேலே நேர்க்கோலை வைத்துப் பார்த்தால் நடுவில் 8 மி.மீ. பள்ளம்.

"தம்பி, பிளேடு மட்டமான சரக்குங்களா, இல்ல மோட்டார் பத்தலீங்களா?" என்று கேட்டார்.

"கைடு ரோலருக்கு என்ன போட்டிருக்கீங்கண்ணா?"

"அதுங்களா, பழைய பைக் சக்கரத்துப் பேரிங் ரெண்டு கெடந்துச்சு. அதையே போல்ட்ல மாட்டிட்டனுங்க."

இதே பதிலை வேறு வேறு ஊர்க்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். சொந்த மில் கட்டுகிறவர்கள் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். பிளேடைத் தொட்டுக்கொண்டே இருக்கும் இந்த இரண்டு ரோலர்களை மட்டும் கடைசி நாளில், கையில் கிடைத்ததை வைத்து முடித்துவிடுகிறார்கள். பலகை நேராக வருவதும், பிளேடு நீண்ட நாள் உழைப்பதும், ஓட்டத்தில் அறுந்து பறக்காமல் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகின்றன. எங்கே தப்பு நடக்கிறது என்பதை என் மேசைக்குத் திரும்பி வந்த தேய்ந்த ரோலர்களைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

தோட்டத்து மில்களில் ஓடும் பிளேடு பொதுவாக 32 மி.மீ. அகலம், 1 மி.மீ.க்குச் சற்றே கூடின தடிமன். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அந்தரத்தில் ஓடுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் இத்தனை மெல்லிய தகடு எளிதான வழி எதுவோ அதைத்தான் தேடிப் போகும். கணு எதிரே வந்தால் மேலே ஏறும், இல்லை கீழே இறங்கும். தென்னையில் இது இன்னும் மோசம். முற்றிய தென்னையின் வெளிவட்டம் கனமீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி. நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழே. ஒரே வெட்டில் பிளேடு கல் மாதிரியான இடத்தில் நுழைந்து, பஞ்சு மாதிரியான இடத்தைக் கடந்து, மறுபடியும் கல்லில் ஏறி வெளியே வருகிறது. அப்போது தடிக்கு இருபுறமும் பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடித்திருப்பது கைடு ரோலர். அதன் பின்விளிம்பான பிளேஞ்சு, பிளேடு சக்கரத்தை விட்டுப் பின்னால் நழுவாமல் தாங்குகிறது.

சரி, வேகத்துக்கு வருவோம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 480 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் பிளேடு விநாடிக்கு 25 மீட்டர் ஓடும். அது 35 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6202 பேரிங்கின் (6202, 6203 என்பவை பேரிங்கின் அளவு எண்கள்) மேலேயே நேராக ஓடினால், அந்தப் பேரிங் நிமிடத்துக்குச் சுமார் 13,600 சுற்று சுற்றியாக வேண்டும். இருபுறமும் ரப்பர் சீல் வைத்த 6202க்குப் பேரிங் கேட்டலாக் அனுமதிக்கும் உச்சமே 13,000 அளவில்தான். அதே பேரிங் பைக்கில் இருந்தபோது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில்கூட 550 சுற்றைத் தாண்டியிருக்காது. சீல் உரசிச் சூடாகிறது, கிரீஸ் உருகி வெளியேறுகிறது, அந்த வழியாக மரத்தூள் உள்ளே போகிறது. அப்புறம் பேரிங் இறுகி நின்றுவிடும். நின்றுபோன பேரிங்கின் மேல் பிளேடு விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: பேரிங்கின் வெளிவளையம், ஒரு ஹவுசிங் (கெட்டியான கூடு) தன்னைச் சுற்றிப் பிடித்திருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. வெறும் வளையத்தின் ஒரே புள்ளியில் பிளேடு அழுத்தும்போது அந்த வளையம் நெளிகிறது.

அதனால் பேரிங்கை உள்ளே வைத்து, மேலே தனி ரோலர் உடல் போட வேண்டும். 60 மி.மீ. விட்டத்தில் ரோலர் செய்தால் அதே பிளேடு வேகத்துக்குச் சுற்று 8,000க்கு இறங்கிவிடும். உள்ளே 6203 பேரிங் இரண்டு வைக்கலாம். சீல் வைத்த 6203க்கு உச்சம் 12,000 அளவு. எனவே மூச்சுவிட இடம் இருக்கிறது. 6204 போட்டால் இன்னும் பலம் என்று சிலர் கேட்கிறார்கள். பேரிங் பெரிதாக ஆக அதன் உச்ச வேகம் குறையும். இங்கே சுமையைவிட வேகம்தான் எதிரி.

உலோகத்தில் நானே தப்பு செய்திருக்கிறேன். முதன்முதலில் ஒருவருக்கு இஎன்8 என்ற எஃகுத் தண்டில் ரோலர் கடைந்து, ஹார்டனிங் (சூடாக்கிக் கெட்டிப்படுத்துதல்) செய்யாமல் அப்படியே கொடுத்துவிட்டேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. சில வாரங்களில் பிளேஞ்சின் முகத்தில் கத்தியால் கீறியது போல ஒரு பள்ளத்தோடு திரும்பி வந்தது. பிளேடின் முதுகு ஸ்பிரிங் ஸ்டீல். அதைவிட மென்மையான எதையும் அது அரம் போல அராவிவிடும். அவருடைய பிளேடுகள் இரண்டும் அதில் போயிருந்தன. ரோலரைச் சும்மா மாற்றிக்கொடுத்தேன், பிளேடு காசு அவருடையது. அதை நினைத்தால் இன்றும் சங்கடம்தான்.

இப்போது நான் செய்வது இப்படி. இஎன்8 அல்லது இஎன்19 தண்டில் கடைந்து, வெளிப்பரப்பையும் பிளேஞ்சின் முகத்தையும் மட்டும் கோயம்புத்தூரில் கொடுத்து இண்டக்‌ஷன் ஹார்டனிங் செய்கிறேன். உள் போர் (பேரிங் உட்காரும் துளை) மென்மையாகவே இருப்பதால் அதற்குப் பிறகும் லேத்தில் சரியான அளவுக்கு முடிக்கலாம். கடைசியில் வெளிவட்டத்தை கிரைண்டிங் செய்தால், டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) 0.03 மி.மீ.க்குள் வந்துவிடும். இஎன்31 எஃகு போட்டு முழுவதும் ஹார்டனிங் செய்தால் ஆயுள் கூடும். ஆனால் சூட்டில் போர் சற்றே கோணிவிடும். உள் கிரைண்டிங் வசதி இல்லாதவர்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

போரின் அளவைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே பேரிங்கின் வெளிவளையம்தான் சுற்றுகிறது, தண்டு நிற்கிறது. மோட்டாரில் நாம் பழகியதற்கு நேர் எதிர். மோட்டார் பழக்கத்தில் தண்டில் டைட்டும் ஹவுசிங்கில் லூசும் வைத்தால், வெளிவளையம் போருக்குள் மெல்ல மெல்ல வழுக்கிச் சுற்றி போரையே தின்றுவிடும். ஆகவே ரோலர் போர்தான் டைட்டாக இருக்க வேண்டும். 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6203க்கு 39.98 என்று முடித்து பிரஸ்ஸில் ஏற்றுவேன். நடுவில் நிற்கும் தண்டான 17 மி.மீ. பின்னில் கையால் தள்ளினால் போகும் அளவு போதும். வெளியே அப்படி இறுக்குவதால் உள்ளே குண்டுகளின் இடைவெளி குறையும். கடையில் பேரிங் வாங்கும்போது, உள் இடைவெளி சற்றுக் கூடுதலாக உள்ள சி3 வகை என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பேரிங் உட்காரும் போரையும் ஒரே செட்டிங்கில் நேராக அடித்துவிடுங்கள். திருப்பிப் பிடித்து மறுபக்கம் அடித்தால் மையம் மாறும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வைக்கும் இடைவளையங்களான உள் ஸ்பேசர், வெளி ஸ்பேசர் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். உள் ஸ்பேசர் ஒரு நூலிழை குட்டையாக இருந்தாலும், நட்டை முறுக்கிய உடனே இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெரிக்கும். நட்டை இறுக்கிய பிறகும் ரோலர் கையில் பட்டு மாதிரி சுற்றினால்தான் நான் வெளியே அனுப்புவேன்.

ரோலரின் உருளும் முகத்தை 24 மி.மீ. அகலத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 மி.மீ. பிளேடில் பல்லின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 26. பிளேடு பின்வாங்கி பிளேஞ்சைத் தொடும்போதும் பற்கள் ரோலருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். செட் போட்ட (மாறி மாறி இருபக்கமும் சற்றே வளைத்த) பல் ரோலரில் ஏறினால் அந்தப் பக்கத்துச் செட் நசுங்கும். செட் நசுங்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பிளேடு ஓடும். பலகை ஒரே பக்கமாகச் சரிகிறது என்று சொல்லி வந்த சிலருக்கு இதுதான் காரணமாக இருந்தது.

பிளேஞ்சும் பிளேடும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெட்டாமல் சும்மா ஓடும்போது நடுவில் 1.5 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். வெட்டும்போது மட்டும் பிளேடு பின்வாங்கி பிளேஞ்சில் சாயலாம். எந்நேரமும் உரசினால் பிளேடின் முதுகு சூடாகி, கெட்டிப்பட்டு, அங்கிருந்து மயிரிழை விரிசல் தொடங்கும். அறுந்த பிளேடைத் தூக்கி எறிவதற்கு முன் விரிசல் எங்கே தொடங்கியது என்று வெளிச்சத்தில் பாருங்கள். பல்லின் அடியில் தொடங்கியிருந்தால் மழுங்கிய பல், அதிக இறுக்கம், சின்னச் சக்கரம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். முதுகில் தொடங்கியிருந்தால் நேராகக் கைடு ரோலரிடம் போங்கள். இந்த ஒரு பழக்கம் பல பேருக்குப் பிளேடு செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

நல்ல ரோலரைக் கோணலாக மாட்டினால் பயன் இல்லை. முதலில் ரோலர்களை மேலே தூக்கிவிட்டு, பிளேடை வழக்கமான இறுக்கத்தில் வையுங்கள். தண்டவாளப் படுகையிலிருந்து பிளேடு வரை இரண்டு முனையிலும் உயரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு ரோலரையும் இறக்கி, பிளேடைச் சுமார் 6 மி.மீ. கீழே அழுத்துங்கள். இந்த அழுத்தம்தான் பிளேடின் அதிர்வை அடக்குகிறது. அப்புறம் ஒரு அடி நீள நேர்ப்பட்டையைப் பிளேடின் குறுக்கே, பல்லில் படாமல், உடலில் மட்டும் படும்படி பிடித்து, அதன் முன்முனையும் பின்முனையும் படுகையிலிருந்து ஒரே உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். 0.8 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளேடு மூக்கைத் தூக்கியோ தொங்கப்போட்டோ ஓடுகிறது. வெட்டும் அப்படியே ஏறும் அல்லது இறங்கும். இந்தச் சரிசெய்தலுக்கு இடம் வைத்து, நாலு பக்கமும் திருகு வைத்த தாங்கியில் பின்னை மாட்ட வேண்டும். வெல்டிங் வைத்து நிரந்தரமாக்கியவர்கள் பிறகு அறுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ரோலரில் ஒன்றாவது நகரும் கையில் இருக்கட்டும். மெலிந்த தடிக்கு அதைத் தடியின் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் பாதி அலைச்சல் அங்கேயே நிற்கும்.

பிசின் ஒட்டாமலிருக்கப் பிளேடில் சொட்டு நீர் விடுவார்கள். தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் போதும். டீசல் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சூடான பேரிங், காய்ந்த மரத்தூள், டீசல் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. வேலை முடிந்ததும் மோட்டாரை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பிளேடு முழுக்க நின்ற பிறகு ரோலரைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் அதன் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஓடும்போது கையைக் கொண்டுபோகவே கூடாது. தோளில் துண்டு போட்டுக்கொண்டு மில் அருகில் நிற்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். ரோலர்களுக்கு இடையில் வெட்டுக்குத் தேவையான நீளம் மட்டும் திறந்திருக்க, மற்ற இடமெல்லாம் தகட்டு மூடி வேண்டும். அறுந்த பிளேடு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மில் கட்டத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மரம் உங்கள் தோட்டத்து மரமாகவே இருந்தாலும், பேண்ட்சா வைத்து அறுப்பது மர அறுவை மில் என்ற கணக்கில் வரலாம். உச்ச நீதிமன்ற உத்தரவுகளும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல்களும் அனுமதியில்லாத அறுவை மில்களைக் கட்டுப்படுத்துகின்றன. இரும்பு வாங்கும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கச் சொல்லி நான் அனுப்பிய சிலர் திரும்பி வரவில்லை. எனக்கு வேலை போனதில் வருத்தமில்லை.

கிணத்துக்கடவு அண்ணனும் முதலில் அங்கேதான் போனார். காகிதம் கைக்கு வந்த பிறகு ரோலர் செய்து கொடுத்தேன், மாட்டும்போது நானும் கூடப் போனேன். பழைய பேரிங்கைக் கழற்றிக் கையில் சுற்றிப் பார்த்தபோது மணலை அரைப்பது போல இருந்தது. புதிய ரோலரில் அறுத்த முதல் பலகையின் மேல் நேர்க்கோலை வைத்தோம். நடுவில் 1 மி.மீ. தகடு நுழையவில்லை. அவர் கோலைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "பிளேடு மூடிக்கு என்ன தகடு போடலாம், சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிட்டு அளவெடுக்க டேப்பை எடுத்தார்.