பூமராங்கைத் திருப்புவது எது?

"மருது பாண்டியர் வீசிய வளரி எதிரியை அடித்துவிட்டுக் கைக்கே திரும்பியதாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வளரி, பூமராங்கைப் போன்ற வளைந்த எறிதடி. எதன்மீதாவது மோதிய தடி கைக்குத் திரும்பாது. சுழற்சியும் வேகமும் அங்கேயே தீர்ந்துவிடும். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கங்காரு வேட்டைக்குக் கொண்டுபோனதும் நேராகப் பறக்கும் கனமான தடியைத்தான். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்ற ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றுதான் எழுதினார். அந்தத் திறமைக்கு மேல் மாயம் எதையும் ஏற்றத் தேவையில்லை.

திரும்பி வருவது இலேசான பூமராங். அதன் ஒவ்வொரு கையும் ஒரு விமான இறக்கை: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. வலக்கைக்காரர் புடைப்பு தன் முகத்தைப் பார்க்க, ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து எறிவார். அதனால் தூக்குவிசை, அதாவது காற்று இறக்கையைப் புடைப்புப் பக்கமாகத் தள்ளும் விசை, மேல்நோக்கி அல்ல, இடப்பக்கமாக இழுக்கும்.

இனிதான் அழகு. பூமராங் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், விநாடிக்கு 10 சுற்றுச் சுழன்றபடி போகிறது என்று வைப்போம். 30 செ.மீ. கையின் நுனி, சுழற்சியால் மட்டும் விநாடிக்கு 19 மீட்டர் ஓடும். மேலே இருக்கும்போது இரண்டும் கூடி 44. கீழே வரும்போது கழிந்து வெறும் 6. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மேல் நுனியில் அது கீழ் நுனியைவிட ஐம்பது மடங்குக்கும் அதிகம்! பூமராங்கின் மேல்பகுதி இடப்பக்கம் தள்ளப்படுகிறது.

அப்படியானால் கவிழ வேண்டாமா? சுழலாத பொருள் கவிழும். சாய்ந்த பம்பரம் விழாமல் தலையை வட்டமாக ஆட்டுவது ஏன்? சுழலும் பொருளில் தள்ளலின் விளைவு கால் சுற்று தள்ளித்தான் தெரியும். பூமராங்கின் உச்சியிலிருந்து சுழலும் திசையில் கால் சுற்றுப் போனால் அதன் முன்பகுதி. அதனால் முன்பகுதிதான் இடப்பக்கம் திரும்புகிறது. கணந்தோறும் இது தொடர, பாதை வட்டமாகிறது.

முன்பகுதிக்குத் தூக்குவிசை சற்றுக் கூடுதலாகக் கிடைப்பதால் பூமராங் மெல்லப் படுத்துக்கொண்டும் வரும். "பூமராங் போலத் திருப்பி அடித்தது" என்று செய்திகளில் எழுதுகிறோம். நன்றாக எறிந்த பூமராங் அடிப்பதில்லை, கிடையாகச் சுழன்று, வேகம் குறைந்து, கைக்கு இறங்குகிறது. திரும்பி வருவதில் ஈர்ப்புக்குப் பங்கில்லை, காற்று போதும்: 2008 மார்ச்சில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் ஜப்பானிய விண்வெளி வீரர் தகாவோ தோய் எறிந்த காகித பூமராங்கும் திரும்பியது.

எறிபவர்கள் செய்யும் பெரிய தவறு தட்டுப்போலக் கிடையாக வீசுவது. அப்போது தூக்குவிசை மேல்நோக்கியது. அதே கால் சுற்றுக் கணக்குப்படி முன்பகுதி மேலே நிமிரும். பூமராங் உயர ஏறி, வேகமாகத் தரையில் குத்தி உடையும். செங்குத்திலிருந்து 20 பாகைக்கு மேல் வெளிப்பக்கம் சாய்க்காதீர்கள். காற்று முகத்தில் அடிக்கும் திசைக்கு நேராக அல்லாமல், அதிலிருந்து சுமார் 45 பாகை வலப்புறம், கண் மட்டத்துக்குச் சற்று மேலே குறிவையுங்கள். தோள் பலத்தைவிட, விடும் கணத்தில் மணிக்கட்டைச் சுண்டுவது முக்கியம்; சுழற்சி குறைந்தால் திரும்பும் முன்பே விழும். பிடிக்கும்போது இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்குங்கள்.

எவ்வளவு ஓங்கி எறிந்தாலும் வட்டத்தின் அளவு அவ்வளவாக மாறாது. வேகம் கூடினால் திருப்பமும் அதே அளவு விரைவாகிறது. வட்டம் பெரிதாக வேண்டுமென்றால் கை நுனிகளில் நாணயம் ஒட்டி எடையைக் கூட்ட வேண்டும்.