குவாரண்டைன்: நாற்பது நாளும் ஒரு டப்பா மணலும்

மொரிசியஸ் கிரியோலில் 'கரான்த்' என்றால் நாற்பது. 'கரான்தென்' என்றால் நோய்க்கு அஞ்சி ஒதுக்கிவைப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1377இல் ரகுசா, அதாவது இன்றைய டுப்ரோவ்னிக், கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. பிறகு அது நாற்பதாக நீண்டது. வெனிஸ்காரர்கள் 'குவாரண்டேனா' என்றார்கள். பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் இந்தத் தீவுக்கு வந்தது, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு. 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல்களின் கூலிகளைக் காலரா பயத்தில் மொரிசியஸின் வடக்கே உள்ள கேப்ரியல் தீவில் இறக்கிவிட்டார்கள். பலர் அங்கேயே மாண்டார்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு அப்படியொரு கசப்பும் உண்டு.

தமிழில் 'தனிமைப்படுத்தல்' ஊன்றிவிட்டது. ஆனால் நோய் தெரிந்தவரை ஒதுக்குவதற்கும், நோய் இருக்குமோ என்று நல்லாயிருப்பவரை நிறுத்திவைப்பதற்கும் அது ஒரே சொல்லாகிவிடுகிறது. தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். உடம்பில் வெண்புள்ளி கண்டபின் மீனைப் பிடித்து வேறு தொட்டியில் போட்டால் அது மருத்துவத் தொட்டி. ஒட்டுண்ணி ஏற்கெனவே பெரிய தொட்டிக்குள் இறங்கிவிட்டது. 'தொற்றொதுக்கம்' சரியான ஆக்கம், ஆனால் வாயில் நுழையாது. 'காப்பு' நம்மிடமே இருக்கிறது. தீமிதிக்குக் காப்புக் கட்டியவருக்கு நாள் கணக்கு உண்டு, கட்டுப்பாடு உண்டு, அவிழ்க்கும் நாளும் உண்டு. ஆகவே புது மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் நிறுத்திவைப்பது காப்புத் தொட்டி. "காப்புல விட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டால் யாருக்கும் புரியும்.

எத்தனை நாள்? நாற்பது மனிதர் போட்ட கணக்கு. மீனுக்கு ஒட்டுண்ணியின் கணக்குத்தான் செல்லும். வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீன்மேல் 3 முதல் 7 நாள் இருந்துவிட்டு உதிரும், அடியில் ஒட்டிக் கூடு கட்டும். கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவர வழக்கமாக 3 முதல் 28 நாள். 72 நாள் வரை இழுத்ததும் பதிவாகியிருக்கிறது. செம்பு மருந்து நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும், கூட்டைத் தொடாது. அதனால்தான் 30 நாள் தொடர்ந்து அளவு குறையாமல் வைப்பது.

இங்கேதான் மணலில் படுக்கும் மீன் சிக்கலாகிறது. ஹலிக்கோரஸ், கோரிஸ், மேக்ரோஃபரிங்கோடான் என்ற ராஸ் மீன் வகைகள் இரவில் மணலுக்குள் புகுந்து தூங்கும், பயந்தாலும் தலைகுப்புறப் பாயும். வெறும் கண்ணாடித் தரையில் பாய்ந்தால் தாடை கிழியும், பிறகு தின்னாது. மணல் போட்டாலோ கூடு ஒளிய இடம் கிடைக்கிறது, அதோடு மருந்தும் போகிறது. பவளமணல் சுண்ணாம்பு, செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் அளந்தது மாலையில் இருக்காது.

லகூன் மணல் அள்ளுவது 2001இலிருந்து இங்கே தடை. கட்டடக்காரர்கள் வாங்கும் 'ராக் சாண்ட்' அரைத்த எரிமலைக்கல். விளிம்பு கூர்மை, மீனின் தோல் உரியும். வேண்டியது நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல், 0.5 மில்லிமீட்டர் பருமன். அதையும் தரை முழுக்கப் பரப்பாதீர்கள். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி, நீர் தெளியும்வரை கழுவி வையுங்கள். 10 சென்டிமீட்டர் மீனுக்கு அது போதும்.

தொட்டிக்கு 75 லிட்டர், ஹீட்டர் 26 டிகிரியில், உப்பளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தி 1.025. ஸ்பாஞ்ச் ஃபில்டரை முன்பே நான்கு வாரம், மீன்நோய் இல்லாத பெரிய தொட்டியின் சம்பில், அதாவது அதன் நீர் சுத்தமாகும் கீழ்த்தொட்டியில், ஊறவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மோனியா ஏறும். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவத்தைச் செம்புள்ள நீரில் ஊற்றவே கூடாது: செம்பை அது இன்னும் நஞ்சான வடிவத்துக்கு மாற்றும். மேலே வலைமூடி கட்டாயம். துள்ளி வெளியே விழுந்து காய்ந்து கிடக்கும் ராஸ் மீன்களுக்குக் கணக்கே இல்லை.

கீலேட் செம்பை, அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செம்பு மருந்தை, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நாள் கூட்டி, நான்காம் நாள் 2.0க்குக் கொண்டுவாருங்கள். மேக்ரோஃபரிங்கோடானுக்கு இன்னும் மெதுவாக. 20 லிட்டர் நீர் மாற்றினால் புது நீரில் 40 மில்லிகிராம் செம்பு முன்பே கலந்திருக்க வேண்டும். மறப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறக்கிறார்கள்.

முதல் சில நாள் மீன் தென்படாது. வேறு நேர மண்டலத்திலிருந்து வந்ததென்றால் நம் பகலில் அதற்கு இரவு. தோண்டிப் பார்க்காதீர்கள். மணல்மேல் மூக்கு மட்டும் நீட்டி, கண்ணை இப்படியும் அப்படியும் சுழற்றுவது தெரியும். அதற்குப்பின் சிறு சிறு தீனியாக நாளுக்கு மூன்று வேளை ஆர்ட்டீமியா, மைசிஸ் என்ற இறால் போன்ற சிற்றுயிர்கள்.

காப்பு அவிழ்க்கும் நாளில் டப்பாவோடு மீனைத் தூக்கிப் பெரிய தொட்டியில் இறக்காதீர்கள். பகலில் மீன் வெளியே நீந்தும்போது முதலில் டப்பாவை எடுத்துவிடுங்கள். பிறகு வலையில்லாமல் ஒரு கிண்ணத்தால் மீனை மொள்ளுங்கள். மணல் குப்பைக்கு.