துறைகளின் வரைபடங்கள் ஒன்றாகப் பொருந்துவது எப்படி?

ஓர் ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் நிர்வாகத்துக்குப் பல செய்திகள் ஒரே வரைபடத்தில் தேவைப்படுகின்றன: நீர் எந்த உயரம்வரை ஏறும், அந்த உயரத்துக்குக் கீழே எந்தச் சாலைகளும் வீடுகளும் இருக்கின்றன, மருத்துவமனையும் துணைமின் நிலையமும் எங்கே உள்ளன. நில உயரம் நில அளவைத் துறையிடமும், நீர்மட்டம் நீர்வளத் துறையிடமும், சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும், குடியிருப்புகள் உள்ளாட்சி அமைப்புகளிடமும் தனித்தனி மென்பொருள்களில், தனித்தனி அளவுகோல்களில், தனித்தனி ஆண்டுகளில் தொகுக்கப்பட்டுக் கிடக்கின்றன. இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கவும் வழிசெய்வதே புவிசார் தரவுகளுக்கான பொது அரசு இணையவாசலின் பணி.

இப்படியொரு வாசலைக் கட்டப் புகுபவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, எல்லாத் துறைகளின் தரவையும் நகலெடுத்து ஒரே பெரிய சர்வரில் சேர்த்துவைப்பது. எளிதாகத் தெரியும் இந்த வழி விரைவிலேயே பயனற்றுப் போகிறது. ஏனெனில் நகல் எடுக்கப்பட்ட கணத்திலிருந்தே பழையதாகத் தொடங்குகிறது, நெடுஞ்சாலைத் துறை நேற்றுத் திருத்திய சாலை பொதுச் சர்வரில் இன்னும் திருத்தப்படாமலே இருக்கிறது. ஆகவே தரவு, அதைப் பராமரிக்கும் துறையிடமே இருக்க வேண்டும். வாசலில் இருக்க வேண்டியது அதன் விவரக்குறிப்பும் முகவரியும் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ஆம் ஆண்டு இயற்றிய ‘இன்ஸ்பயர்’ சட்டநெறி இந்தக் கொள்கையின்மீதே எழுப்பப்பட்டது. போக்குவரத்து வலைப்பின்னல், நீர்நிலைகள், நிலப்பயன்பாடு என 34 தலைப்புகளை அது வரையறுத்தது. புதிய தரவு எதையும் திரட்டும்படி உறுப்பு நாடுகளைக் கேட்காமல், ஏற்கெனவே இருக்கும் தரவைப் பிறர் பயன்படுத்தும் வகையில் திறந்துவைக்கும்படி கேட்டது.

விவரக்குறிப்பை மீத்தரவு என்கிறார்கள். நூலகத்தில் புத்தகத்துக்குரிய அட்டை எதைச் செய்கிறதோ அதையே இதுவும் செய்கிறது; ஆனால் சொல்ல வேண்டியவை இங்கே அதிகம். தரவு எந்த நிலப்பரப்பைச் சேர்ந்தது, எப்போது அளக்கப்பட்டது, எந்த முறையில், எவ்வளவு துல்லியத்துடன், யார் பொறுப்பு, யார் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பவற்றை எழுதும் முறையை ஐ.எஸ்.ஓ. 19115 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்திருக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் விவரக்குறிப்புகளைத் தன் பட்டியலிலேயே எழுதிவைக்க, பொது வாசல் குறித்த இடைவெளிகளில் அந்தப் பட்டியல்களைத் தானாகவே நாடிச் சென்று புதியவற்றையும் மாறியவற்றையும் அள்ளிக்கொள்கிறது. இந்த வேலையைச் சலிப்பூட்டும் எழுத்தர் பணியாகக் கருதி ஒதுக்கும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அளந்த ஆண்டு குறிக்கப்படாத வெள்ள வரைபடத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

கண்டுபிடித்த தரவைப் பெறுவதற்குத் துறைகளின் சர்வர்கள் ஒரே மொழியில் பேச வேண்டும். 1994-இல் அமைக்கப்பட்ட ஓ.ஜி.சி. என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு அந்த மொழியை வகுத்தது. அதில் டபிள்யூ.எம்.எஸ். என்னும் சேவை, கேட்ட பரப்பின் வரைபடத்தைப் படமாக வரைந்து அனுப்புகிறது. டபிள்யூ.எஃப்.எஸ். என்னும் சேவை படத்துக்குப் பதிலாகச் சாலைகளையும் எல்லைகளையும் அவற்றின் வடிவம், பெயர், பண்புகளுடன் தரவாகவே தருகிறது. வெள்ளப் பகுதியைப் பார்த்தால் போதும் என்பவருக்கு முன்னது. மூழ்கும் சாலையின் நீளத்தைக் கணக்கிட வேண்டியவருக்குப் பின்னது. எந்தச் சர்வரிடமும் முதலில் ‘உன்னிடம் என்னென்ன அடுக்குகள் உள்ளன, எந்த வடிவங்களில் தருவாய்’ என்று கேட்கலாம். அது தரும் பதிலைக் கொண்டு, முன்பின் அறியாத துறையின் சேவையையும் மென்பொருள் தானே பயன்படுத்திவிடும்.

இவ்வளவும் ஒத்துப்போன பிறகும் வரைபடங்கள் பொருந்தாமல் போகலாம். ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களுக்கு, அவை எந்த ஆயமுறையில், அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் எந்த அளவீட்டு முறையில், அளக்கப்பட்டவை என்று சொல்லாதவரை பொருள் இல்லை. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது, அதனால் அந்நாட்டின் 1994-ஆம் ஆண்டு ஆயமுறைக்கும் 2020-ஆம் ஆண்டு ஆயமுறைக்கும் இடையே ஏறத்தாழ 1.8 மீட்டர் வேறுபாடு உள்ளது. ஒரு துறை பழையதையும் இன்னொன்று புதியதையும் பின்பற்றினால், நிலத்தடிக் குழாய் பக்கத்து மனைக்குள் ஓடுவதுபோலத் தெரியும்.

எண்களின் வரிசைகூடத் தொல்லை தரும். டபிள்யூ.எம்.எஸ். சேவையின் 1.1.1 பதிப்பு தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை அடுத்தும் எதிர்பார்க்க, 1.3.0 பதிப்பு ஈ.பி.எஸ்.ஜி. 4326 என்னும் பரவலான ஆயமுறைக்கு அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அடிஸ் அபாபா நகரம் ஏறத்தாழ வடக்கு 9 பாகையிலும் கிழக்கு 38.7 பாகையிலும் இருக்கிறது. எண்களை இடம்மாற்றினால் அது சார்டீனியா தீவுக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் போய் விழுகிறது. சர்வர் பிழை எதையும் காட்டாது. கேட்ட இடத்தின் படத்தை, அதாவது வெறும் கடலை, ஒழுங்காக அனுப்பிவைக்கும். இணையவாசலைக் கட்டுவோர் எந்தத் துறையின் சர்வர் எந்தப் பதிப்பில் இயங்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் ஆற்றின்மீது லாவ்ஃபென்பர்க் என்னும் ஊரில் பாலம் கட்டியபோது, ஒரு நாடு வடகடலையும் மற்றது மத்தியதரைக் கடலையும் அடிப்படையாகக் கொண்டு உயரத்தை அளந்தன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 27 செ.மீ. வேறுபாடு பொறியாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டதால் இரு கரைகளுக்கும் இடையே 54 செ.மீ. ஏற்றத்தாழ்வு வந்தது. வெள்ளக் கணக்கில் அரை மீட்டர் என்பது ஒரு தெரு மூழ்குவதா தப்புவதா என்பதைத் தீர்மானிக்கும் அளவு.

எண்கள் பொருந்திய பின்பும் பொருள் பொருந்த வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, 0.5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில், 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்களின் விதானம் 10 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்தால் அதைக் காடு என்கிறது. விவசாயத்துக்கோ நகர்ப்புறப் பயன்பாட்டுக்கோ உரிய நிலத்தை அதில் சேர்ப்பதில்லை. வனத்துறைக்கோ, காடு என்பது சட்டப்படி அறிவிக்கப்பட்ட எல்லையாக இருக்கலாம். அதற்குள் ஒரு மரமும் இல்லாத இடங்களும் அடங்கும். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே வாசலில் வைத்தால் பயன்படுத்துபவர் தவறான முடிவுக்கே வருவார். இதை எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாது; துறைகளின் வல்லுநர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை எழுதி, தங்கள் வகைப்பாட்டைப் பொது வகைப்பாட்டோடு இணைத்துக் காட்டினால்தான் தீரும். திட்டக்காலத்தின் பெரும்பகுதியை இதற்கென ஒதுக்குவதே முறை.

வேகத்துக்கான வழி ஒப்பீட்டளவில் நேரானது. அடிக்கடி கேட்கப்படும் பின்னணி வரைபடங்களை 256 படப்புள்ளி பக்கமுள்ள சதுரத் துண்டுகளாக முன்கூட்டியே வரைந்து வைக்கிறார்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒவ்வொரு படியிலும் துண்டுகள் நான்கு மடங்காகி, உலகம் முழுவதற்கும் 18-ஆம் படியில் சுமார் 6,870 கோடியைத் தொடுவதால், மக்கள் அதிகம் பார்க்கும் பகுதிகளுக்கு மட்டும் அவற்றைச் சேமிக்கிறார்கள்.

தரவு துறைகளிடமே இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு: ஒரு துறையின் சர்வர் நின்றால் வரைபடத்தில் அந்த அடுக்கு மறைந்துவிடும். அதனால்தான் இன்ஸ்பயர் விதிகள், வரைபடத்தைப் படமாகக் காட்டும் பார்வைச் சேவைக்கு 800×600 படப்புள்ளிப் படத்தை 5 விநாடிகளுக்குள் தரத் தொடங்க வேண்டும் என்றும், சேவை 99 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்றும் எண்ணாலேயே வரையறுத்தன. அந்த 99 விழுக்காடும் ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேற்பட்ட நிறுத்தத்தை அனுமதிக்கிறது. வெள்ளம் அந்த நாள்களிலும் வரலாம். எனவே உயிர்காக்கும் அடுக்குகளுக்கு மட்டும், நகல் எடுத்த நேரம் தெளிவாகப் பொறிக்கப்பட்ட மாற்றுப் பிரதியைப் பொது வாசல் தன்னிடம் வைத்துக்கொண்டு, மூலச் சர்வர் மீண்டதும் அதற்கே திரும்பிவிட வேண்டும்.